மாய யதார்த்தக் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் நவீன இலக்கியம் வாசிப்பவர்கள் கூடும் இடங்களில் மாய யதார்த்தம் பற்றிய பேச்சு எழுந்தால், ஏறக்குறைய ஒரே வரிசையில் சில கேள்விகள் வந்துவிடுகின்றன. வாசகர்களுக்கும் கதை எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்களை இயன்றவரை இந்தக் கரையிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

மாய யதார்த்தம் என்றால் என்ன?

நாம் அன்றாடம் புழங்கும் உலகத்தை உள்ளது உள்ளபடி வைத்துக்கொண்டு, அதற்குள் நடக்கவே முடியாத ஒன்றை நடக்கவிட்டு, அதைக் கண்டு கதைமாந்தர் யாரும் வியக்காதபடி சொல்லும் கதைமுறை இது. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நிலை என்பது என் கருத்து. அதிசயம் எல்லாக் காலத்துக் கதைகளிலும் உண்டு. அதிசயத்தைக் கண்டு வாய் பிளக்காத ஊர் இந்தக் கதைகளில்தான் உண்டு.

ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். கடலூர் முதுநகரில் ஒரு ரேஷன் கடை. இறந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு பெரியவர், உப்புநீர் சொட்டும் வேட்டியோடு, பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் வந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் நிற்கும் பெண், "அண்ணே, பாமாயில் வந்துடுச்சாமா?" என்று அவரிடமே விசாரிக்கிறாள். அவருடைய முறை வருகிறது. விற்பனையாளர் கைரேகைக் கருவியை நீட்டுகிறார். விரலை வைத்தால் ரேகை விழவில்லை. "ஈரத்தைத் தொடச்சிட்டு வைங்க பெரியவரே." மறுபடியும் விழவில்லை. விற்பனையாளர் திரையைப் பார்த்துவிட்டு, "கார்டுல உங்க பேரையே நீக்கிட்டாங்களே, தாலுக்கா ஆபீஸ்ல போய்ச் சேத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். செத்தவர் திரும்பி வந்தது அங்கே யாருக்கும் செய்தியாகப் படவில்லை, கார்டில் பெயர் இல்லாததுதான் செய்தி. மாய யதார்த்தம் இயங்கும் விதம் இதுவே.

பேய்க்கதையிலிருந்தும் மிகுபுனைவிலிருந்தும் இது எப்படி வேறுபடுகிறது?

அதே பெரியவரைப் பேய்க்கதையில் நிறுத்தினால் வரிசை சிதறி ஓடும்; நம் கவனம் அச்சத்தில் போய் நிற்கும். மிகுபுனைவில் (ஃபேன்டஸியில்) நிறுத்தினால், இறந்தவர்கள் எந்த விதிப்படி திரும்பி வருகிறார்கள், அவர்களுடைய நாடு எது, அரசன் யார் என்று ஒரு தனி உலகத்தையே கட்டியாக வேண்டும். அறிவியல் புனைகதையென்றால் காரணம் சொல்ல வேண்டும். மாய யதார்த்தத்தில் இந்த மூன்று கடமைகளும் இல்லை.

நான்காவதாக ஒரு வகை உண்டு. பலர் குழம்புவது அங்கேதான். நடந்தது மனப்பிரமையா, உண்மையில் அமானுஷ்யமா என்று வாசகரைக் கடைசிவரை தயங்க வைக்கும் கதைகள் அவை. இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தொதொரோவ் 1970இல் வெளியிட்ட நூலில் இந்தத் தயக்கத்தையே அவ்வகைக் கதைகளின் இலக்கணமாக வகுத்தார். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இதற்குத் தமிழில் உள்ள மிகச் சிறந்த சான்று. வீட்டு வேலைக்கு வந்து சேரும் பிச்சைக்காரி யார் என்பதைக் கதை நமக்கு உறுதியாகச் சொல்வதில்லை. நம்மைத் தயங்க வைப்பதால் 'காஞ்சனை'யை மாய யதார்த்தம் என்று சொல்ல நான் உடன்படமாட்டேன்.

இந்த முறை எங்கே தோன்றியது?

பெயர் ஓவியத்திலிருந்து வந்தது. ஜெர்மானியக் கலை விமர்சகர் ஃபிரான்ஸ் ரோ 1925இல் தம் காலத்து ஓவியர்கள் சிலரைப் பற்றி எழுதும்போது இதைப் பயன்படுத்தினார். இலத்தீன் அமெரிக்க இலக்கியத்துக்கு இதை 1948இல் பொருத்திக் காட்டியவர் வெனிசுவேலா எழுத்தாளர் ஆர்துரோ உஸ்லார் பியெத்ரி. கியூபாவின் அலெஹோ கார்பெந்தியேர் 1943இல் ஹைத்திக்குச் சென்று வந்தவர்; அந்த அனுபவத்திலிருந்து எழுதிய நாவலின் முன்னுரையில், 1949இல், தங்கள் மண்ணின் வரலாறும் நம்பிக்கைகளுமே வியப்புக்குரியவை, அங்கே எழுத்தாளன் எதையும் செயற்கையாகக் கூட்ட வேண்டியதில்லை என்று வாதிட்டார். மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ 1955இல் எழுதிய 'பெத்ரோ பாராமோ', கொலம்பியாவின் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1967இல் வெளியிட்ட 'தனிமையின் நூறு ஆண்டுகள்' ஆகிய இரு நாவல்களும் இந்த முறையை உலகமெங்கும் கொண்டு சென்றன.

தமிழில் முதலில் எழுதியவர் யார்?

கோட்பாட்டை அறிந்து எழுதப்பட்ட முதல் நாவல் என்று பலரும் குறிப்பிடுவது தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' (1985). கோட்பாட்டை விட்டுவிட்டுக் கதையை மட்டும் பார்த்தால், விடை கடலூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். நெல்லை அவரை முழுவதும் தன்னவராக எடுத்துக்கொண்டதால் நம் ஊரில் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அவருடைய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வெளிவந்த ஆண்டு 1943. சென்னை பிராட்வே முனையில், டிராமில் போவதா, காசை மிச்சம் பிடித்து வெற்றிலை வாங்கிக்கொண்டு நடப்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கும் கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வந்தவர் கடவுள் என்று தெரிந்த பிறகும் பிள்ளை காலில் விழவில்லை. தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு அவரிடம் ஆயுள் சந்தா கேட்கிறார். கடவுள் ஆடிக் காட்டிய சிவதாண்டவம் ஒரு பணக்கார வீட்டுக் கூடத்தில் எடுபடாமல் போகிறது. டிராம் கட்டணம், ஓட்டல் காப்பி, குடித்தனத்துச் செலவு என எல்லாமே துல்லியமாக இருக்கின்றன. கடவுள் ஒருவர்தான் கூடுதல். கார்பெந்தியேரின் முன்னுரைக்கு ஆறு ஆண்டுகள் முந்திய இந்தக் கதையை வாசித்தவர்களுக்கு மார்க்வெஸ் அன்னியராகத் தெரியமாட்டார்.

புராணத்திலும் தெருக்கூத்திலும் இல்லாததா இது?

பாதி சரி, பாதி தவறு. முதலில் தவறைப் பார்ப்போம். திருநாவுக்கரசரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினார்கள் என்றும், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்த்தது என்றும் சேக்கிழார் பாடுகிறார். கரையேறவிட்ட குப்பம் என்று அந்த இடத்துக்குப் பெயரும் இருக்கிறது. 'கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணையாவது நமச்சிவாயவே' என்பது அப்பரின் வாக்கு. இதில் அதிசயத்துக்கு ஒரு பொருள் உண்டு. அது இறைவனின் அருளை மெய்ப்பிக்கிறது. கரையில் நின்றவர்கள் வியக்க வேண்டும், வணங்க வேண்டும், கேட்கும் நாமும் வணங்க வேண்டும். மாய யதார்த்தக் கதையில் அதிசயம் எதையும் மெய்ப்பிப்பதில்லை. யாரையும் வணங்கச் சொல்வதும் இல்லை.

இனிச் சரியான பாதி. நடுநாட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்னும் கோமாளி வரும் இடங்களைக் கவனியுங்கள். துரியோதனன் சபையில் நின்றுகொண்டு ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்வான். ராஜாவிடம் இந்த வருஷத்து விளைச்சலையும் பஸ் கட்டணத்தையும் பற்றிப் பேசுவான். சபையில் யாரும் அதற்குத் திடுக்கிடமாட்டார்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பதினெட்டாம் போரன்று மண்ணால் பெரிய துரியோதனன் உருவத்தைக் கிடத்திப் படுகளம் நடத்துகிறார்கள். களத்தைச் சுற்றி நிற்பவர்களுக்கு அது நடிப்பும்தான், நடப்பும்தான். தலையில் அடித்துக்கொண்டு அழும் பெண்கள் ஊரில் உண்மையாகவே ஒரு சாவு விழுந்ததைப் போலத்தான் அழுகிறார்கள். இரண்டு காலங்களை ஒரே தரையில், தையல் தெரியாமல் நிறுத்தும் இந்தப் பழக்கம் மாய யதார்த்தத்துக்கு மிக நெருங்கியது. இங்கே பிறந்து எழுத வருகிறவர்களுக்குப் பயிற்சிக்கூடம் என்று ஒன்று தேவைப்பட்டால், விடிய விடிய நடக்கும் ஒரு கூத்து போதும் என்று நான் சொல்லுவேன்.

மக்கள் உண்மையென்று நம்புவதை மாயம் என்று எழுதுவது அவமதிப்பாகாதா?

எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருகின்றன. கடலில் குளிக்க வந்த சாமி என்று அங்கே ஒரு குழந்தை சொன்னால், அது உவமையாகச் சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் தோள் உயரத்தில் நின்று எழுதினால் அவமதிப்பு வராது. அறையின் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, 'இங்குள்ளவர்கள் இப்படியெல்லாம் நம்புகிறார்கள்' என்ற தொனியில் எழுதினால் கட்டாயம் வரும்.

புதுச்சேரிக்கு இந்த ஆபத்து அதிகம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும் இருக்கின்றன. ஆவி உலவும் பிரெஞ்சு மாளிகை என்று எழுதுவது மிகவும் எளிது. வாய்க்காலைக் கடந்து மேற்கே, தமிழர் தெருக்களுக்கு வரவே வராத புதுச்சேரிக் கதைகள் ஏராளம். அவற்றில் மாயம் இருக்கிறது; யதார்த்தம் விடுப்பில் போய்விட்டது.

உண்மை வரலாறே விசித்திரமாக இருந்தால் என்ன செய்வது?

அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. ஆங்கிலேயக் கும்பெனி 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. இன்று செயின்ட் டேவிட் கோட்டை என்கிறோம். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் கிடைத்த விடை பீரங்கி: சுற்றிலும் சுட வேண்டும், குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்கள் கும்பெனிக்கு. அப்படியே சுட்டார்கள், ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். குண்டு விழுந்த ஊர்கள் என்ற பேச்சு அதிலிருந்து வந்தது.

இதை அப்படியே எழுதினால் வரலாற்றுக் கதை. மாய யதார்த்தமாக்க ஒரே ஓர் அடி எடுத்துவைத்தால் போதும். சுட்ட குண்டுகளில் ஒன்று இன்னும் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்தின் தலைக்குமேல் 1690 முதல் அது நின்றுகொண்டிருக்கிறது. அதன் நிழலில் நெல் காய வைக்கிறார்கள். குண்டு எந்தப் பக்கம் விழும் என்று முடிவாகாததால் ஊருக்குப் பட்டா கிடைக்கவில்லை. கும்பெனி போய், ஜமாபந்தி எத்தனையோ வந்து போய், மனு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் நிலுவையில் இருக்கிறது. ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியிலிருந்து முள்ளோடைவரை எந்த அடி தமிழ்நாடு, எந்த அடி புதுச்சேரி என்று இன்றும் பார்த்துப் பார்த்து நடக்கும் மக்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையே இராது.

மாயம் எதற்கு? நடந்ததை நேராக எழுதினால் போதாதா?

பெரும்பாலும் போதும். மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் நேராகத்தான் எழுதினார். எந்தக் குறையும் நேரவில்லை.

போதாமல் போகும் இடம் ஒன்று உண்டு. நடந்ததை நடக்கவில்லை என்று ஓர் அதிகாரம் எழுதி வைக்கும்போது, நேராகச் சொல்லும் சாட்சி பொய்யனாகிவிடுகிறான். கொலம்பியாவில் 1928 டிசம்பரில், வாழைப்பழக் கம்பெனியின் வேலைநிறுத்தத் தொழிலாளர்களை சியெனகா நகரில் இராணுவம் சுட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. மார்க்வெஸின் நாவலில் மூவாயிரம் பிணங்களை ஏற்றிச் செல்லும் ரயிலிலிருந்து ஒருவர் தப்பி ஊர் திரும்புகிறார். அப்படி எதுவும் நடக்கவேயில்லை என்று ஊரே அவரிடம் சொல்கிறது. பிறகு நான்கு ஆண்டு, பதினோரு மாதம், இரண்டு நாள் மழை பெய்கிறது. அந்த மழையைவிட நம்ப முடியாதது ஊரின் மறதி என்பதை வாசகர் தாமே உணரும்படி அமைத்திருப்பதுதான் அந்த நாவலின் அரசியல். அமெரிக்க அடிமை முறையைப் பற்றி டோனி மாரிசன் 1987இல் எழுதிய 'பிலவ்ட்' நாவலிலும், கொல்லப்பட்ட மகள் உடலோடு திரும்பி வந்து அம்மாவின் வீட்டில் சாப்பிட உட்காருகிறாள்.

நமக்கும் பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் இழப்புகள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோய், உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்கள், இறந்தார் என்று எழுதவும் மனமின்றி, இருக்கிறார் என்று சொல்லவும் வழியின்றி நின்றன. ரேஷன் வரிசையில் நிற்கும் அந்தப் பெரியவரை நான் அங்கிருந்துதான் எடுத்தேன்.

இது இறக்குமதிச் சரக்கு என்ற குற்றச்சாட்டு சரியா?

தொண்ணூறுகளின் சிற்றிதழ்களில் இந்தச் சண்டை பலமாக நடந்தது. எழுத்தாளர் கோணங்கி நடத்திய 'கல்குதிரை' இதழ் மார்க்வெஸுக்குச் சிறப்பிதழே கொண்டுவந்த காலம் அது. குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்நாளில் வந்த பல கதைகளில் ஊருக்குப் பெயர் இல்லை, ஆட்களுக்குத் தொழில் இல்லை, வாக்கியங்களுக்கு முடிவும் இல்லை. ஆனால் அதே காலத்தில் கி. ராஜநாராயணன் இங்கே புதுச்சேரியில், பல்கலைக்கழகத்துக்காக நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார். 1976இல் வந்த அவருடைய 'கோபல்ல கிராம'த்தில், துரத்தப்பட்டு ஓடிவரும் குடும்பத்துக்கு ஆற்றங்கரை மரம் வளைந்து கொடுத்து அக்கரை சேர்க்கிறது. வீட்டுப் பாட்டி அதைச் சொல்லும் குரலில் எந்த நடுக்கமும் இல்லை. அவர் அதை எந்த நாட்டிலிருந்தும் வாங்கி வரவில்லை.

புதிதாக எழுதுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

மாயத்தில் யாரும் சறுக்குவதில்லை; யதார்த்தத்தில்தான் சறுக்குகிறார்கள். யானைகள் பறந்தன என்றால் நம்பமாட்டார்கள், 425 யானைகள் பறந்தன என்றால் ஒருவேளை நம்புவார்கள் என்று மார்க்வெஸ் ஒரு நேர்காணலில் சொன்னார். எண்ணைச் சேர்த்தால் போதும் என்று பலர் இதை எடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்னது செய்தியாளனின் ஒழுங்கை. மே மாதத்தில் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனவன் வலையில் பேசும் வஞ்சிரம் சிக்கியது என்று எழுதினால், மீன் பேசியதைத் துறைமுகத்தில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலமாயிற்றே, இவன் எப்படிப் படகை எடுத்தான் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்த கணமே கதை போய்விட்டது.

அடுத்த சறுக்கல், விளக்கம். மீன் ஏன் பேசியது என்று கடைசிப் பக்கத்தில் யாராவது ஒரு தாத்தா சொல்லித் தொலைப்பார். அவரைக் கதையிலிருந்து வெளியே அனுப்பிவிடுங்கள்.

ஒரு கதையில் எத்தனை அதிசயம் வைக்கலாம்?

சிறுகதைக்கு ஒன்று. இரண்டாவது அதிசயம் வந்தால் முதலாவதின் மதிப்பு குறைகிறது. நாவலுக்குக் கணக்கில்லை.

சினிமாவில் இது சாத்தியமா?

கடினம். எழுத்தில் போகிறபோக்கில் ஒரு துணைவாக்கியத்தில் சொல்லிவிட்டு நகரக்கூடியதைக் கேமரா நின்று காட்ட வேண்டியிருக்கிறது. பின்னணி இசையும் சேர்ந்துகொண்டால் வியப்பு தானே வந்துவிடும். மார்க்வெஸ் தம் வாழ்நாள் முழுவதும் 'தனிமையின் நூறு ஆண்டுக'ளைத் திரைப்படமாக்க உரிமை தரவில்லை. அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பரில்தான் அது நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்தது.

இந்த முறையின் காலம் முடிந்துவிட்டதா?

இலத்தீன் அமெரிக்காவிலேயே அப்படிச் சொன்னவர்கள் உண்டு. 1996இல் சிலியின் அல்பெர்த்தோ ஃபுகேத், செர்ஹியோ கோமெஸ் இருவரும் 'மெக்கோண்டோ' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். மார்க்வெஸின் மகோந்தோ என்ற ஊரையும் மெக்டொனால்ட்ஸ் பர்கர் கடையையும் கலந்து வைத்த கேலிப் பெயர் அது. பறக்கும் பாட்டிகளையே உலகம் எங்களிடம் எதிர்பார்க்கிறது, நாங்களோ வணிக வளாகங்களில் வளர்ந்தவர்கள் என்பது அவர்களுடைய முறையீடு. அந்த எரிச்சல் நியாயமானது. ஆயினும் முறை தேயவில்லை, இடம் மாறியிருக்கிறது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி'யில் (2016) ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்ய ஆட்கள் அதிகாரிகளுக்கு முன் வரிசையில் நிற்கிறார்கள்; ஆடு நினைப்பதெல்லாம் நமக்குக் கேட்கிறது. இப்போதைய அதிசயங்கள் அலுவலக வரிசைகளில்தான் அதிகம் நிகழ்கின்றன.

எந்த நூலிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

'தனிமையின் நூறு ஆண்டுக'ளில் தொடங்க வேண்டாம். காலச்சுவடு 2013இல் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆனால் ஒரே பெயர் கொண்ட ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வருவதால் புதியவர்கள் பாதியில் வைத்துவிடுகிறார்கள். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஒரு மாலையில் முடியும். அடுத்து 'காஞ்சனை'யை எடுத்து, தயக்கம் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வாசியுங்கள். பிறகு 'கோபல்ல கிராமம்', அதன் பின் 'பூனாச்சி'. மார்க்வெஸிடம் இதற்குப் பிறகு போகலாம். போகும்போது அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.